விற்ற கேமைத் திரும்பப் பிடுங்கலாமா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கும் ஆணையத்தின் மற்ற பொறுப்பாளர்களுக்கும்,

காசு வாங்கிக்கொண்டு ஒரு கணினி கேமை விற்கிறார்கள். ஒன்றிரண்டு வருஷம் கழித்து, விற்ற நிறுவனமே அதை ஓடவிடாமல் நிறுத்திவிடுகிறது. வாங்கியவரின் கணினியில் அந்தக் கேம் முழுசாக இருக்கிறது. பணம் கட்டிய பில் மின்னஞ்சலில் இருக்கிறது. திறந்தால் மட்டும் ‘சர்வருடன் இணைக்க முடியவில்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. சர்வர் என்பது அந்த நிறுவனம் தன்னிடம் வைத்து நடத்தும் மையக் கணினி. பணமும் திரும்பி வருவதில்லை. எங்கள் குடும்பத்தில் இது நடந்தது. நடந்ததை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இதைத் தடுக்கும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

மன்னார்குடியில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். முன்பக்கம் சர்வீஸ் வேலை, ஜெராக்ஸ், அரசு வேலைக்கு விண்ணப்பம் போடுவது. பின்னறையில் கேம் ஆடுவதற்கென்றே சில கணினிகள், லேன் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்தவை. பள்ளிக்கூடம் விட்ட சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் பையன்கள் வருவார்கள். பல வருஷமாக இதையே பார்த்துக்கொண்டிருப்பதால், எந்தக் கேம் எதனால் ஓடும், எதனால் நிற்கும் என்பது எனக்கு அன்றாடப் பிழைப்பு.

என் அக்காவைக் கோட்டூர் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். விவசாயக் குடும்பம். தீபாவளி சமயத்தில் டெல்டாவில் யார் கையிலும் காசு புரளாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். குறுவைப் பணம் கடனுக்குப் போயிருக்கும், சம்பாவுக்குப் போட்டதெல்லாம் வயலில் கிடக்கும். அப்படி ஒரு தீபாவளிக்கு அக்கா பையன் வந்து, “மாமா, எனக்கு இந்த வருஷம் துணி வேண்டாம். அந்தக் காசுக்கு இந்தக் கேம் வாங்கிக் குடுங்க” என்றான். கார் ஓட்டும் கேம். பண்டிகைத் தள்ளுபடி போக, ஜிஎஸ்டி சேர்த்து 1,800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்தது. துணிக்காசு 1,500. மீதியை நான் போட்டு, அவன் பெயரிலேயே அக்கவுன்ட் தொடங்கி வாங்கிக் கொடுத்தேன்.

வாங்கியதோடு வேலை முடியவில்லை. கேம் 70 ஜிபிக்கு மேல். அவர்கள் ஊரில் ஃபைபர் கிடையாது. போனில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. அதனால் என் கடையில் இரவெல்லாம் இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து வைத்தேன். அவன் பஸ்ஸில் வந்து, டிஸ்க்கைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். அப்புறம் அப்டேட் வரும்போதெல்லாம் அதே கதைதான். கிராமத்துப் பையன்கள் ஒரு கேம் ஆட இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பது நகரத்தில் உட்கார்ந்து கேம் எடுப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன்.

அவன் அதில் யாரோடும் போட்டி போட்டு ஆடவில்லை. அந்த ஊர் டவர் வேகத்துக்கு அது முடியவும் முடியாது. தனியாகவே ஊர் ஊராக ஓட்டி, பந்தயம் ஜெயித்து, கிடைக்கும் புள்ளிகளை வைத்துக் காரை மாற்றி, மறுபடி ஓட்டுவான். இப்படித் தனியாக ஆடுவதற்கும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நிறுவனத்தின் சர்வர் அனுமதி தர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போனால், வீட்டில் இன்வர்ட்டர் இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் டவரின் பேட்டரி இறங்கிவிடும். நெட் இல்லை என்றால் கேம் இல்லை. மழை நாளில் வீட்டில் அடைந்து கிடக்கிற பையனுக்குக் கேம் தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான். விற்பனைப் பக்கத்தில் இதைச் சொல்லியிருந்தார்களா என்று பிறகு தேடிப் பார்த்தேன். எந்தக் கணினி வேண்டும், எவ்வளவு இடம் வேண்டும் என்ற பட்டியலுக்குக் கீழே, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது.

அந்த அவஸ்தையையாவது பொறுத்துக்கொண்டோம். அப்புறம் ஒரு நாள் மின்னஞ்சல் வந்தது. இன்ன தேதியோடு சர்வரை மூடுகிறோம், இதுவரை ஆடியதற்கு நன்றி என்று எழுதியிருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். முதலில் தானாக வரும் பதில் ஒன்று வந்தது. மறுபடி எழுதியதற்கு, விதிமுறைகளை ஏற்றுக்கொண்டுதான் வாங்கினீர்கள், வாங்கி 14 நாள் தாண்டிவிட்டதால் பணம் திரும்பத் தர வழியில்லை என்றார்கள். அவன் தனியாகத்தானே ஆடுகிறான், நெட் இல்லாமல் திறக்கும்படி ஒரு அப்டேட் மட்டும் கொடுத்துவிட்டு மூடுங்கள் என்று கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை. சொன்ன தேதியில் மூடிவிட்டார்கள். அவன் கணினியில் அந்த 70 ஜிபி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அழிக்க மாட்டேன் என்கிறான்.

அக்கா வீட்டுக்காரர், “சனியன் ஒழிஞ்சது, இனிமேயாவது படிப்பான்” என்றார். தகப்பனுக்கு அப்படித் தோன்றுவது எனக்குப் புரிகிறது. ‘கேம்தானே, போனால் போகட்டும்’ என்று பெரியவர்கள் பலரும் நினைப்பார்கள், உங்கள் அலுவலகத்திலும் சிலர் நினைக்கலாம். பையன் எவ்வளவு நேரம் ஆட வேண்டும் என்பது அவன் வீடு முடிவு செய்ய வேண்டிய விஷயம். அவன் காசைக் கொடுத்து வாங்கியதை யார் எடுத்துக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம். ஒரு பண்டிகைக்குப் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற பையனுக்கு இந்த இரண்டும் ஒன்றில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். தமிழ்நாட்டில் ‘ஆன்லைன் கேம்’ என்றாலே ரம்மிதான் நினைவுக்கு வருகிறது. கடன்பட்டு உயிரை விட்டவர்களின் செய்திகளைப் படித்த ஊர் இது, அதனால் அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. அதற்கு மாநில அரசு 2022-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்து சட்டம் போட்டது. அந்த இரண்டு சட்டத்தையும் நான் முழு மனதோடு வரவேற்கிறேன். நான் பேசுவது சூதாட்டத்தைப் பற்றி இல்லை. கடையில் ஒரு பொருள் வாங்குவதுபோல விலை கொடுத்து வாங்கி, வீட்டில் உட்கார்ந்து ஆடுகிற சாதாரண கேம்களைப் பற்றி. இதை விற்பவர்களைக் கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

சரி, கேம் என்றால் என்றைக்காவது நின்றுதான் போகும், அது இயற்கைதானே என்று கேட்பவர்களுக்கு என் கடையையே சாட்சியாகக் காட்ட முடியும்.

2006 கடைசியில் வந்த கிரிக்கெட் 07 என்ற கேம் என் கடையில் இன்றைக்கும் ஓடுகிறது. அதை எடுத்த நிறுவனம் அதற்கப்புறம் அந்த வரிசையில் இன்னொரு கிரிக்கெட் கேம் எடுக்கவில்லை. அது வந்தபோது ஐபிஎல் என்ற ஒன்றே கிடையாது. ஐபிஎல் தொடங்கியது 2008-ல். ஆனாலும் ரசிகர்கள் தாங்களாகவே ஐபிஎல் அணிகளைச் சேர்த்தார்கள், சட்டையை மாற்றினார்கள், புது ஆட்டக்காரர்களைப் போட்டார்கள். அப்போது பிறந்திராத பையன்கள் இப்போது அதில் சென்னைக்காக ஆடுகிறார்கள். எந்தச் சர்வரையும் கேட்காமல், கணினியிலேயே இருந்து ஓடுவதால்தான் இது முடிகிறது. கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6-ம் அப்படித்தான். நெட் கம்பியைப் பிடுங்கிவிட்டாலும், பின்னறைக் கணினிகளை லேனில் இணைத்து நாள் பூராவும் ஆடலாம்.

கஜா புயலை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை மொத்தமும் போயிற்று. உள் கிராமங்களுக்குக் கரண்ட் வரப் பல வாரம் ஆனது. என் கடையில் டீசல் ஜெனரேட்டர் இருந்தது. பலகையில் வரிசையாக ஸ்விட்ச் போர்டுகளை அடித்து, சுற்றுப்பட்டு ஜனங்களின் போன்களுக்கு சார்ஜ் போட்டுக்கொடுத்தேன். ஒவ்வொரு போனிலும் பெயர் எழுதிய துண்டுச் சீட்டை ரப்பர் பேண்டால் கட்டி வைப்போம். அப்பாக்களோடு பிள்ளைகளும் வருவார்கள். சார்ஜ் ஏற நேரமாகும். அந்தப் பிள்ளைகள் சும்மா நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் பின்னறையில் ஒரே ஒரு கணினியைப் போட்டுவிட்டேன். ஓவருக்கு ஒருத்தர் என்று முறை வைத்துக்கொண்டு அந்தப் பழைய கிரிக்கெட்டை ஆடினார்கள். ஓட்டுவீடு இடிந்துபோன வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள், சிக்ஸர் அடித்தபோது கத்தினார்கள். பக்கத்துக் கணினியில் அதைவிட எத்தனையோ மடங்கு விலை கொடுத்து நான் முறையாக வாங்கியிருந்த புதுக் கேம் இருந்தது. அதைத் திறந்தால் லாகின் கேட்டது. நெட் திரும்பி வரும்வரை அது ஒருத்தருக்கும் உதவவில்லை.

எங்கள் பகுதிக்குப் புயலும் மழையும் வருஷா வருஷம் வருபவை. சுனாமி வந்தது, ‘தானே’ புயல் வந்தது, ‘நிவர்’ புயல் வந்தது. எப்போதும் நெட் இருக்கும் என்று வைத்துக்கொண்டு செய்த பொருளை எங்களுக்கு விற்கிறார்கள். அதிலும் தனியாக ஆடும் கேமுக்கு அந்த நெட் எதற்கு வேண்டும் என்று எனக்கு இன்றுவரை ஒருவரும் நியாயமான காரணம் சொன்னதில்லை. கள்ள நகலைத் தடுக்க என்பார்கள். நடைமுறையில் நான் பார்ப்பது என்ன? பூட்டை உடைத்த நகலை எங்கேயோ இறக்கி வைத்திருப்பவனின் கேம் நெட் இல்லாமலும் ஓடுகிறது, சர்வரை மூடினாலும் ஓடுகிறது. பில் வைத்திருக்கும் என் அக்கா பையனின் கேம் ஓடவில்லை. முறையாகக் காசு கொடுத்து வாங்கு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அடுத்த முறை அவனிடம் அதையே சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை நீங்கள்தான் தர முடியும்.

இது எங்கள் வீட்டோடு முடிந்த விஷயமும் இல்லை. உலகம் முழுக்க இதைப் பற்றிப் பேச்சு எழக் காரணமானது ‘தி க்ரூ’ என்ற கார் கேம். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் வெளியிட்டது. 2023 டிசம்பரில் விற்பனையிலிருந்து எடுத்து, 2024 மார்ச் 31-ல் சர்வரை மூடியது. தனியாக ஆடும் பகுதியும் அதோடு போயிற்று. வாங்கியவர்களின் அக்கவுன்ட்டிலிருந்தே அந்தக் கேமின் உரிமத்தை எடுத்துவிட்டார்கள். அதைத் தொடர்ந்து ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் மக்கள் முறையீட்டுக்கு 10 லட்சம் கையெழுத்து தேவை. 2025 ஜூலையில் அது அந்த எண்ணிக்கையைத் தாண்டியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2024-ல் ஒரு சட்டம் இயற்றி, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது, வாங்குபவருக்குக் கிடைப்பது ரத்து செய்யக்கூடிய உரிமம் மட்டும்தான் என்றால் அதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். என் பார்வையில் அது பாதிக் கிணறு. பறிப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் பறி என்கிறதே தவிர, பறிக்காதே என்று சொல்லவில்லை. இருந்தாலும் அவர்கள் அந்தப் பாதியையாவது தோண்டியிருக்கிறார்கள்.

சர்வரைக் காலம் முழுக்க ஓட்டிக்கொண்டே இருக்க முடியுமா, அதற்குச் செலவாகாதா என்று நிறுவனங்கள் கேட்கின்றன. அப்படி ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மூடும்போது, மூடிய பிறகும் ஆடும்படி விட்டுவிட்டுப் போங்கள் என்றுதான் கேட்கிறோம். இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ‘அனிமல் கிராசிங்: பாக்கெட் கேம்ப்’ என்ற போன் கேமின் சர்வரை நின்டெண்டோ 2024 நவம்பரில் மூடியது, அடுத்த மாதமே நெட் இல்லாமல் ஆடும்படியான தனிப் பதிப்பை வெளியிட்டது. ‘நாக்அவுட் சிட்டி’ என்ற கேம் பலரும் சேர்ந்து ஆடுவதற்கென்றே செய்தது. 2023-ல் சர்வரை மூடியபோது, ஆடுபவர்கள் தாங்களே சர்வர் வைத்து ஆடிக்கொள்ளும் பதிப்பை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ‘தி க்ரூ’வை மூடிய அதே யூபிசாஃப்ட், எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அதன் அடுத்த இரண்டு கேம்களுக்கும் ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. முடியாது என்று சொல்லிவந்த வேலை இது. மக்கள் கேட்டதும் முடிந்திருக்கிறது.

கார் கேம் என்றால் இன்னொரு காரணமும் சொல்வார்கள்: கார் நிறுவனங்களோடும் பாட்டு நிறுவனங்களோடும் போட்ட ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பார்கள். உண்மைதான், அப்படி ஒப்பந்தங்கள் உண்டு. அதற்காக விற்பனையை நிறுத்திக்கொள்ளட்டும். ‘ஃபோர்சா ஹொரைசன் 4’ 2024 டிசம்பர் 15-ல் விற்பனையிலிருந்து போனது. ஏற்கெனவே வாங்கியவர்கள் அதற்குப் பிறகும் ஆடலாம். புதிதாக விற்காமல் இருப்பதற்கும், விற்றதை முடக்குவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை இந்த ஒரு கேமே காட்டும். ஆடவே விட முடியாத நிலை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். நெட் வழியாகவே கேம் ஆடும் தன் ஸ்டேடியா சேவையைக் கூகுள் 2023 ஜனவரியில் மூடியபோது, மக்கள் அதில் வாங்கிய கேம்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சோனி 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ‘கான்கார்ட்’ கேமை இரண்டே வாரத்தில் நிறுத்திப் பணத்தைத் திருப்பியது.

என் அப்பாவிடம் நாதஸ்வர கேசட்டுகள் இருக்கின்றன. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாசித்த தோடியை இன்றும் மார்கழியில் போட்டுக் கேட்பார். அந்தக் கேசட்டை விற்ற கடை மூடி எவ்வளவோ காலம் ஆகிறது. டேப் தேய்ந்தால் தேயட்டும், அது வேறு. கடை மூடியதால் வீட்டில் இருந்த கேசட் ஊமையானது என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. கேமை மட்டும் ஏன் அப்படிச் செய்ய அனுமதிக்கிறோம்?

சட்டத்தைப் பொறுத்தவரை நான் வக்கீல் இல்லை, படித்துப் பார்த்துப் புரிந்ததைச் சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(42)-ல் ‘சேவை’ என்பதற்குள் பொழுதுபோக்கையும் கேளிக்கையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பிரிவு 2(46), தக்க காரணம் இல்லாமல் ஒரு தரப்பு மட்டும் தன்னிச்சையாக முறித்துக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தத்தை நியாயமற்றது என்கிறது. எனக்குப் பதில் எழுதிய நிறுவனம் காட்டிய விதிமுறை அச்சு அசல் அப்படிப்பட்டதுதான். 2020-ன் மின்வணிக விதிகள் டிஜிட்டல் பொருள்களுக்கும் பொருந்தும், இந்தியாவில் அலுவலகம் இல்லாமல் இங்குள்ளவர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்தும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இவ்வளவும் ஏட்டில் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு ஒரு தனி ஆள் எங்கே போவது என்று பாருங்கள். திருவாரூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம்கூடக் கிடையாது. நல்ல ஏற்பாடு. ஆனால் ‘இந்த ஒப்பந்தமே நியாயமற்றது’ என்ற வாதத்தை அங்கே வைக்க முடியாது. பிரிவு 47-ன்படி அதற்கு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 1,800 ரூபாய்க் கேமுக்காக ஒரு விவசாயி வீட்டுப் பையன், கடல் தாண்டி இருக்கும் நிறுவனத்தை எதிர்த்து மாநில ஆணையம் வரை வழக்கு நடத்துவான் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. இது நிறுவனங்களுக்கும் தெரியும். ஒவ்வொருவரிடமும் எடுப்பது சின்னத் தொகை என்பதால்தான் தைரியமாக எடுக்கிறார்கள். இப்படிப் பலரிடம் சிறுகச் சிறுக நடக்கும் அநியாயத்தை, நுகர்வோர் அனைவரின் சார்பாகவும் விசாரிக்கத்தான் உங்கள் ஆணையம் 2020 ஜூலையில் அமைந்தது. பிரிவு 18-ம் 20-ம் அந்த அதிகாரத்தைத் தருகின்றன.

2023 நவம்பரில் இணைய விற்பனையில் நடக்கும் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்து வழிகாட்டு நெறி வெளியிட்டீர்கள். கூடையில் கேட்காத பொருளைச் சேர்ப்பது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றவிடுவது எல்லாம் அதில் வந்தன. அது எனக்கு நம்பிக்கை தந்த நடவடிக்கை. விற்ற பொருளைப் பிறகு முடக்குவது அந்த 13-ல் இல்லை.

எனவே என் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

முதலாவதும் முக்கியமானதும்: விலை கொடுத்து விற்ற கேமின் சர்வரை மூடும் நிறுவனம், அந்தக் கேமை நெட் இல்லாமல் ஆடும்படி மாற்றிக் கொடுத்துவிட்டே மூட வேண்டும் என்று வழிகாட்டு நெறி கொண்டுவாருங்கள். பலர் சேர்ந்து ஆடும் கேம் என்றால், ஆடுபவர்கள் தாங்களே சர்வர் வைத்துக்கொள்ள வழி விட வேண்டும். இரண்டும் செய்ய மாட்டோம் என்றால், வாங்கி எத்தனை நாள் ஆகியிருந்தாலும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கட்டிய ஜிஎஸ்டியும் அதில் சேர வேண்டும்.

தனியாக ஆடும் கேமுக்கும் நெட் கட்டாயம் என்றால், அதை விலைக்குப் பக்கத்திலேயே, விலை எழுதிய அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் எந்தத் தேதி வரை சர்வர் ஓடும் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். பால் பாக்கெட்டிலும் மருந்து அட்டையிலும் தேதி போட வைத்த அரசுக்கு இது பெரிய காரியம் இல்லை. தமிழ்நாட்டில் விற்றால் அந்த இரண்டு வரியாவது தமிழில் இருக்கட்டும். வாங்குவது பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பணம் கட்டுவது ஆங்கிலம் படிக்காத பெற்றோர்.

மூடுவதற்கு ஆறு மாதம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். அறிவித்த நிமிஷத்திலிருந்து அந்தக் கேமையும் அதற்குள் விற்கும் துணி, துப்பாக்கி, கார் எதையும் புதிதாக விற்கக் கூடாது. போனில் இலவசமாக இறக்கும் கேம்களுக்கும் இது பொருந்த வேண்டும். அங்கே கேம் இலவசம், உள்ளே வாங்குவதற்குத்தான் காசு. அந்தக் காசும் காசுதான்.

வாங்கிய கேமின் இன்ஸ்டால் ஃபைலை ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுங்கள். ஜிஓஜி என்ற விற்பனைத் தளம் பல வருஷமாக அப்படித்தான் விற்கிறது, அதனால் அது ஒன்றும் திவாலாகிவிடவில்லை. ஃபைபர் வராத எங்கள் கிராமங்களுக்கு இது மிகவும் உதவும்.

‘எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவோம், எதுவும் திருப்பித் தர மாட்டோம்’ என்ற விதிமுறை பிரிவு 2(46)-க்குள் வருமா வராதா என்று உங்கள் ஆணையம் வெளிப்படையாக ஒரு விளக்கம் தர வேண்டும். அப்படி ஒரு விளக்கம் இருந்தால், மாவட்டத்தில் புகார் கொடுக்கிறவருக்கும் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

இது பற்றிப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு ஒரு வரைவு வெளியிடுங்கள். அந்த வரைவு தமிழிலும் வரட்டும், கருத்தைத் தமிழிலும் எழுதி அனுப்ப இடம் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் தமிழில் பேச முடிகிறது, அதுபோல இதிலும் முடிய வேண்டும். என் கடைக்கு வரும் பையன்களையும் அவர்கள் பெற்றோரையும் உட்காரவைத்து, அவர்கள் எதை எவ்வளவுக்கு வாங்கினார்கள், அதில் எது நின்றுபோயிற்று என்று எழுதி வாங்கி அனுப்புவது என் பொறுப்பு.

இந்த மடலின் ஆங்கிலப் படியை, பில்லோடும் நிறுவனம் எழுதிய பதில்களோடும் தனியாகத் தபாலில் உங்களுக்கு அனுப்புகிறேன். இந்த விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறீர்களா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எடுத்துக்கொள்ளவில்லை என்றால் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கணினிக் கடைக்காரர் ஒருவர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்